இடது கால் ஒரு படி கீழே

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காராத. நான் என்ன போட்டோவா எடுக்கறேன்?"

"மூச்சை விட்டா தொப்பை டேங்க்ல இடிக்குது."

"அது ஃபுட்ரெஸ்ட்டோட குத்தம் இல்ல."

அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தில், காலை வெயில் ஒரு கம்பிச் சன்னல் வழியாகக் கோடுகோடாக இறங்கியிருந்தது. அவன் தன்னுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்கின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். வண்டி அசையாமல் இருப்பதற்காகப் பின்சக்கரத்தை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அவன் மனைவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கோணமானியை அவனுடைய முழங்காலோரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் நெடுநெடுவென்று வளர்ந்தவன். இந்த மாதிரி வண்டிகளில் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் உயரத்திலும் பின்னாலும் இருக்கும். குள்ளமானவர்களுக்குச் சரி. அவன் ஏறி உட்கார்ந்தால் வெட்டுக்கிளி இலைமேல் உட்கார்ந்தது போல இரண்டு முட்டியும் மேலே வந்துவிடும். ஊர் தாண்டி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் இறங்கின இடத்திலேயே கொஞ்ச நேரம் மடங்கி நிற்பான். "இரு, நிமிந்துக்கறேன்" என்பான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹெல்மெட்டை வாங்கிக்கொள்வாள்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. இடம் மாற்றி மாட்டிக்கொள்கிற ஃபுட்ரெஸ்ட் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. வாரக்கணக்கில் செல்போனில் படம் படமாகப் பார்த்து, கடைசியில் இரண்டு வகையில் வந்து நின்றான். ஒன்றில் வட்டத் தகடு. திருகிக்கொண்டே போனால் எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்றில் அலுமினியத் தகட்டில் இரண்டு வரிசையாகத் துளைகள். வேண்டிய துளையில் போல்ட்டை முடுக்கிவிட்டால் ஃபுட்ரெஸ்ட் அங்கேயே நிற்கும்.

"திருகறதே நல்லா இருக்கு" என்றாள் அவள். கடையில் மூக்குக் கண்ணாடி பொருத்துவது அவள் வேலை. மயிரிழை அளவுக்கு வளைத்து, முகத்தில் வைத்து, கழற்றி, மறுபடி வளைத்துப் பழகிய கை. "துளைன்னா, ரெண்டு துளைக்கு நடுவுல வேணும்னா என்ன பண்ணுவ?"

"நடுவுல வேணும்னு நினைக்க மாட்டேன். துளைன்னா ஒரு முடிவு. திருகறதுன்னா தினம் காலைல ஒரு சந்தேகம் வரும்." அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தத் தளமானாலும் லிஃப்ட் சரியாக அந்தத் தளத்தில் நிற்க வேண்டும் என்பது அவனுக்கு வேதம்.

"சரி, துளையே இருக்கட்டும். காலை இன்னும் கீழ வச்சுப் பாரு."

அவன் காலைத் தொங்கவிட்டான். அவள் அதற்குக் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியை நகர்த்திக் கொடுத்தாள். முட்டி விரிந்தது. கோணமானியைப் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"கீழ்வரிசை. முன்னாடி துளை" என்று தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும்?"

"உனக்கு என்ன ஒரு கால் நீளமா?"

வெளியே கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது. அவன் இறங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "சாயந்தரம் வந்து ஆர்டர் போட்டுடலாம்" என்றான். சரிவுப்பாதையில் பாதி ஏறினவன் திரும்பிப் பார்த்து, "கோணமானியக் கடைக்கு எடுத்துட்டுப் போ. உங்க முதலாளி தேடப்போறாரு" என்றான்.

அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் போன் வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டைச் சரிபார்த்து முடித்துவிட்டு, மாடிப்படியில் கொஞ்சம் உட்காருகிறேன் என்று கூட வந்தவரிடம் சொல்லியிருக்கிறான். உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருக்கிறான். தூங்குகிறான் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். இதயம் என்றார்கள் டாக்டர்கள். லிஃப்ட்டில் ஒரு குறையும் இல்லை. அது பாட்டுக்குக் கதவைத் திறந்து மூடி, ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவளால் வரிசைப்படுத்த முடியவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ அவளுடைய தலையைத் தங்கள் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். வீடு முழுவதும் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி இருந்தது. வெளியே ஆட்கள் பேசுவது கேட்கும், கதவு மட்டும் திறக்காது. பயப்படாமல் இருங்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லும் குரல் ஒன்று அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். அவள் அந்தக் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

கூட்டம் வடிந்த பிறகு, வேலையிலிருந்து வந்ததும் மேலே போகாமல் நேராக அடித்தளத்துக்கு இறங்கிப் பழகினாள். வண்டி ஸ்டாண்டில் அப்படியே நின்றது. துணியால் துடைப்பாள். பிறகு ஏறி உட்காருவாள். சாவியைப் போடமாட்டாள். சாயங்கால வெளிச்சம் கம்பிச் சன்னல் வழியாக நுழைந்து தரையில் மெதுவாக நகரும். அது நகர நகர, தான்தான் முன்னால் போகிறோம் என்று தோன்றும். தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். மேலே எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடுகிற ஓசை, மழைக்குள் போவது போல இருக்கும். கண்ணை மூடினால் முன்னால் ஒரு பாதை. பாதையின் இரண்டு பக்கமும் மாடிப்படிகள். எல்லாப் படியிலும் யாரோ சற்று உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் களைப்பாற்றிக்கொள்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இடது முட்டிதான் அவளை எழுப்பும்.

அந்த முட்டிக்கு ஒரு கதை உண்டு. கல்லூரி நாட்களில் பஸ் படியிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டது. கூடியது, ஆனால் முழுதாக மடங்காது. ஒரு கட்டத்துக்குமேல் 'போதும்' என்று நின்றுவிடும். அவனுடைய பழைய வண்டியைப் பல வருஷம் ஓட்டியவள்தான். அதில் கால் தாழ்வாக இருக்கும். இந்தச் சிவப்பு வண்டியை மட்டும் தெருமுனைவரை ஓட்டிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். "இதுக்கும் எனக்கும் ஒத்துவராது. நீயே கட்டிக்கிட்டு அழு" என்றிருந்தாள்.

ஒரு நாள் அவள் அப்படி உட்கார்ந்திருந்தபோது சரிவுப்பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார். அவனுக்கு மூத்தவள், அம்மா போன பிறகு அவனை வளர்த்தவளும்கூட. கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

"மேல மணி அடிச்சு அடிச்சுப் பாத்தேன். நீ இங்கதான் இருப்பன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

அவள் இறங்கப் பார்த்தாள். "உட்காரு, உட்காரு" என்று நாத்தனார் கையமர்த்திவிட்டு, வண்டியைச் சுற்றி வந்தாள். டேங்க்கைத் தொட்டாள். விரலில் ஒரு தூசிகூட ஒட்டவில்லை.

"தினம் துடைக்கறியா?"

"ஆமா அண்ணி."

"ஓட்டறியா?"

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

நாத்தனார் ஒரு தூணில் சாய்ந்துகொண்டாள். சொல்ல வந்ததை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் போல. "தப்பா எடுத்துக்காத. இந்த வண்டிய நான் கொண்டுபோறேன். எங்க வீட்டுக்காரரு, அதான் உங்க அண்ணன், ஓட்டுவாரு. என் வீட்டு வாசல்ல நின்னா, தம்பி உள்ள இருக்கான்னு நினைச்சுக்குவேன்."

"இங்கயும் அப்படித்தான் அண்ணி நினைச்சுக்கறேன்."

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் தராசு முள் நடுவில்தான் நிற்கும்.

"இங்க பாரும்மா" என்றாள் நாத்தனார். "நீ ஓட்டறதா இருந்தா உங்கிட்டயே இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். துடைச்சுத் துடைச்சு வைக்கறதுக்குன்னா எங்கிட்ட இருக்கட்டும். எனக்கும் துடைக்கத் தெரியும்."

"ஓட்டறேன்."

"வாய்ல ஓட்டாத. ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு இதுல வா. வந்துட்டா உனக்கு. வரலன்னா சாயந்தரமா உங்க அண்ணன் வந்து எடுத்துக்குவாரு." பாத்திரத்தை நீட்டினாள். "இதச் சாப்பிடு முதல்ல. காத்துல பறந்துடுவ போல இருக்கே."

மறுநாள் அவள் உதிரிபாகக் கடைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பும் பொன்னிறமுமாக ஃபுட்ரெஸ்ட்டுகள் நகைக்கடைபோல மின்னிக்கொண்டிருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்புத் துணியில் வைத்தார்.

"இது ரேஸ் ஓட்டறவங்க கேக்கறது. காலை மேல பின்னாடி கொண்டுபோகும். இது மடங்கும். விழுந்தா உடையாது. உங்களுக்கு எப்படி வேணும்?"

"தாழ்வா. கீழ கொண்டுபோறது."

"எல்லாரும் மேலதான் கேப்பாங்க. தாழ்வா வர்றது ஒண்ணுதான் இருக்கு." உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். தகட்டில் இரண்டு வரிசைத் துளைகள். அவன் படத்தில் காட்டியதேதான். "யாரு ஓட்டப்போறாங்க?"

அவள் தகட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். துளைகள் வழியாகத் தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறிய தெரு, அதில் ஒரு சிறிய வெயில்.

"உயரமானவரு" என்றாள்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டி, கட்டிக் கொடுத்தார்.

மாட்டுகிற வேலைக்கு நட்டுவை வரச்சொன்னாள். நட்டு அவனுடைய கூட்டாளி, வண்டி மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து நட்டுகள் கிடந்து கிலுகிலுக்கும் என்பதால் அந்தப் பெயர். அவனை 'மாப்ளே' என்பான், அவளைத் 'தங்கச்சி' என்பான். ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பக்கத்தில் துணியை விரித்து உட்கார்ந்து, பழைய ஃபுட்ரெஸ்ட்டுகளைக் கழற்றினான்.

"எந்தத் துளை?"

"கீழ்வரிசை, முன்னாடி. ரெண்டு பக்கமும்."

நட்டு தகட்டையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "உனக்கா அது?"

"அளவு எடுத்தாச்சு அண்ணே."

"யாரோட அளவு?"

அவள் பெட்டியிலிருந்த போல்ட்டுகளை எடுத்து நீட்டினாள். நட்டு மேற்கொண்டு கிண்டவில்லை. சொன்னபடி மாட்டினான். கியர் லீவரையும் பிரேக் பெடலையும் அதற்குத் தகுந்தபடி இறக்கிவைத்தான். "ஏறிப் பாரு" என்றான்.

ஏறினாள். இடது முட்டி வலிக்கவில்லை, அதுவரை நல்லது. ஆனால் பாதம் எங்கோ முன்னால் போய்விட்டது. இந்த வண்டியின் டேங்க்கில் இரண்டு பக்கமும் முட்டி அடங்குவதற்கென்று ஒரு பள்ளம் உண்டு. அதில் முட்டியை அழுத்திக்கொண்டால்தான் உடம்பு வண்டியோடு ஒட்டும். அவளுடைய முட்டி அந்தப் பள்ளத்துக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் வந்து விழுந்தது. பிறத்தியார் செருப்புக்குள் காலை விட்ட மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு" என்று நட்டு துணியை உதறினான். "நாளன்னைக்கு வர்றேன். அதுவரைக்கும் இதுலயே உட்காந்து பாரு. வண்டிய வெளிய எடுத்துட்டுப் போயிடாத. இப்படி ஓட்டினா முதல் திருப்பத்துலயே வண்டி ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவ."

அன்று சாயங்காலம் முழுவதும் அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் வழக்கம்போல நகர்ந்தது, ஆனால் அவள் எங்கும் போகவில்லை. கீழே, தன் பாதத்துக்குப் பக்கத்தில், அவன் பாதமும் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். இந்த இடம் அவனுக்காகவே அளந்த இடம். அவன் காலை வைக்காமலே போய்விட்ட இடம். அதைக் கழற்றுவதென்றால், அந்தக் காலை நேரத்தைக் கழற்றி எடுப்பது மாதிரி. கழற்றாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டி போய்விடும். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்கிற கதைதான்.

மறுநாள் கண்ணாடிக் கடைக்கு ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை வந்தார். பையிலிருந்து தடிமனான ஒரு பழைய கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். "என் வீட்டுக்காரரோடது. என் முகத்துக்குச் சரியா நிக்கற மாதிரி பண்ணிக்குடு."

"பண்ணலாம்மா. உங்க பவர் சீட்டு குடுங்க, லென்ஸ் மாத்திடறேன்."

"லென்ஸ்ல கை வைக்காத."

"அது அவரு கண்ணுக்குப் போட்டதும்மா. நீங்க போட்டா ஒண்ணும் தெரியாது."

"எனக்குப் பாக்கறதுக்கு வேற கண்ணாடி இருக்கு. இது, அவரு எப்படிப் பாத்தாருன்னு பாக்கறதுக்கு."

அவள் லென்ஸைத் தொடவில்லை. காதுக் கம்பியைச் சூட்டுக்காற்றில் காட்டி இளக்கி, அந்த அம்மாளின் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்து வளைத்தாள். மூக்குத் தாங்கியை நெருக்கினாள். ஆசிரியை அதைப் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றிலும் பார்த்தார். "எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு" என்றார் திருப்தியாக. "மனுஷன் முப்பது வருஷம் என்னை இப்படித்தான் பாத்திருக்காரு. அதான் ஒரு குறையும் சொல்லல."

அதைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு நடந்தவர், கதவு என்று நினைத்து நிலைக்கண்ணாடியைத் தள்ளினார். பிறகு அதைக் கழற்றிப் பத்திரமாக உறையில் வைத்து, பையிலிருந்து தன்னுடைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படி பார்த்து இறங்கிப் போனார்.

அவள் நிலைக்கண்ணாடியில் பதிந்திருந்த கைத்தடத்தைத் துடைத்தாள்.

நட்டு சொன்னபடி வந்தான். வந்தவன் முதல் வேலையாக வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். பின்சக்கரம் தரையைத் தொட்டு மெத்தென்று அமர்ந்தது. "இப்ப ஏறு" என்றான். பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஏதோ மாறியிருந்தது. சீட் வேறு மாதிரி இருந்தது. இத்தனை நாளும் மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்து வழுக்கிக்கொண்டிருந்தது போலவும், இன்றைக்குத்தான் சமதளத்தில் உட்கார்ந்தது போலவும் இருந்தது. இடுப்பு பின்னால் போய்த் தன் இடத்தில் அமர்ந்தது. கால் இன்னும் முன்னால், இன்னும் தாழ்வில், நாற்காலியில் உட்கார்ந்து தேநீருக்குக் காத்திருப்பவர் மாதிரித் தொங்கியது.

நட்டு ஒரு பக்கமாக வண்டியைச் சாய்த்தான். ஃபுட்ரெஸ்ட்டின் நுனி தரைக்கு வெகு பக்கத்தில் வந்தது.

"மாப்ளே இதுலயா ஓட்டறதா இருந்தான்? ஒரு வளைவுல திரும்பினா தரைய உழுதுக்கிட்டுப் போவானே. தங்கச்சி, அளவு எடுக்கும்போது வண்டி எப்படி நின்னுச்சு?"

"ஸ்டாண்டுலதான். அப்பதான் ஆடாம இருக்கும்னு..."

சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள்.

ஸ்டாண்டில் ஏற்றினால் பின்பக்கம் உயரும். உட்கார்ந்திருப்பவன் தானாக முன்னால் சரிந்து டேங்க்கோடு ஒட்டிக்கொள்வான். தொப்பை இடிக்கும். முட்டி நெருக்கும். எவ்வளவு தாழ்வாக வைத்தாலும் போதாது போலத் தோன்றும்.

"ஸ்டாண்டுல வச்சா அளந்தீங்க?" நட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "அவன் யாரு? தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, நூல் பிடிச்சு, அது நேரா இல்லாம ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டான். நீ யாரு? வர்றவங்களையெல்லாம் 'நேரா உட்காருங்க, நாடியத் தூக்காதீங்க'ன்னு உசிர வாங்கறவ. ரெண்டு பேரும் சேந்து, கோணலா நின்ன வண்டியில அளவு எடுத்திருக்கீங்க."

அவளுக்குள்ளிருந்து என்னவோ புறப்பட்டு வந்தது. அழுகை என்றுதான் நினைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. டேங்க்கின்மேல் கவிழ்ந்து சிரித்தாள். அந்த அடித்தளம் முழுக்க அது எதிரொலித்தது. நட்டுவும் சிரித்தான். சிரித்து முடிக்கும்போது இரண்டு பேருக்கும் கண் நனைந்திருந்தது.

"சாயந்தரம் ஆர்டர் போட்டிருப்போம்" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பெட்டி வந்திருக்கும். நீங்க வந்து மாட்டியிருப்பீங்க. ஒரு சுத்து போயிட்டு வந்து, 'எவ அளந்தா இத'ன்னு கேட்டிருப்பான்."

"நீ என்ன சொல்லியிருப்ப?"

"'உன் தொப்பைதான் அளவ மாத்திடுச்சு'ன்னு சொல்லியிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கழட்டி வேற துளையில மாட்டியிருப்போம்."

நட்டு, போல்ட் கழற்றுகிற ஆலன் கீயைத் துணியில் துடைத்து அவளிடம் நீட்டினான்.

அவள் வண்டியிலிருந்து இறங்கி, துணிமேல் உட்கார்ந்து, வலதுபக்க போல்ட்டில் அதை நுழைத்தாள். நட்டுவின் கை முடுக்கிய போல்ட், அவ்வளவு லேசில் இளகவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். 'டக்' என்று விட்டது. அந்த ஒரு ஓசைதான். அதற்குப் பிறகு போல்ட் சாதாரணமாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளங்கையில் அதன் கனம் நன்றாக இருந்தது.

பிறகு அவர்கள் ஒரு புது முகத்துக்குக் கண்ணாடி பார்ப்பதுபோல வேலை செய்தார்கள். நட்டு வண்டியை நேராகப் பிடித்துக்கொள்வான், அவள் ஏறுவாள், முட்டியைப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பாள், இறங்குவாள், மாற்றுவாள். வலதுகாலுக்கு மேல்வரிசையின் நடுத்துளை கச்சிதமாக அமைந்தது. கால் வைத்ததும் முட்டி தானாகப் பள்ளத்தைத் தேடிப் போய்ப் படுத்துக்கொண்டது. இடதுகால் ஒத்துக்கொள்ளவில்லை. மேல்வரிசையில் எங்கே வைத்தாலும் பழைய முறிவு 'போதும்' என்றது.

"இடதுக்குக் கீழ்வரிசை. நடுத்துளை" என்றாள்.

"வலதுக்கு மேல, இடதுக்குக் கீழயா?"

"ஆமா."

"உலகத்துல யாரும் அப்படி மாட்டறதில்ல தங்கச்சி. ஒரு கால் மாடியில, ஒரு கால் தரையில. பாக்கறவன் நான் குடிச்சுட்டு மாட்டினேன்னு சொல்லுவான்."

"என் கடைக்கு வாங்கண்ணே, காட்டறேன். ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்கற மனுஷன இன்னும் நான் பாக்கல. ஒரு பக்கக் கம்பிய இறக்கித்தான் மாட்டறோம். கண்ணாடி நேரா நிக்கும்."

நட்டு யோசித்தான். "மாட்டறேன். யாராவது கேட்டா உன் பேரச் சொல்லிக்க, என் பேரச் சொல்லாத. இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் ரொம்பச் சாய்க்காத."

வலதுபக்க பிரேக் பெடலை உயர்த்தி, இடதுபக்க கியர் லீவரை அவளுடைய ஷூ நுனிக்கு எட்டும்படி நட்டு திருத்தினான். போல்ட்டுகளை அவளே முடுக்கினாள். கடைசி முடுக்கை மட்டும் அவன் சரிபார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வானம் தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி இருந்தது. நட்டு தன் பழைய வண்டியில் சரிவுப்பாதைக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தான். "உங்கூட வரல. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்றான். அவனுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சாவியைத் திருப்பினாள். வண்டி கனைத்துக்கொண்டு உயிர் பெற்றது. அதன் அதிர்வு பாதத்தில் ஏறி, முட்டி வழியாக நெஞ்சுவரை வந்தது. முதல் கியர். சரிவில் ஏறி வெளிச்சத்துக்குள் போனபோது கண் கூசி, ஒரு கணம் எதுவும் தெரியவில்லை. பிறகு தெரு தெரிந்தது.

பால் வண்டி ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. அடைத்திருந்த கடைகளின் இரும்புக் கதவுகளில் ஒரு சிவப்புக் கோடு அவள் கூடவே ஓடிவந்தது. அது தன்னுடைய நிழல்தான், பிரதிபலிப்புதான் என்று புரிய நேரம் பிடித்தது. பாலத்தில் ஏறினாள். கீழே ஆறு போவதும் மேலே அவள் போவதும் ஒரே வேகத்தில் இருந்ததால், இரண்டும் நிற்பது போலவும், கரைகள்தான் விலகிப் போவது போலவும் இருந்தது. மாடிப்படிகள் இல்லை. யாரும் எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. காற்று ஹெல்மெட்டின் விளிம்பில் ஊதியது. முட்டி அதன் பாட்டுக்குப் பள்ளத்தில் கிடந்தது. வலிக்கிறதா என்று தானே கேட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை.

பாலம் முடிந்ததும் ஒரு இடது திருப்பம். மெதுவாக்கினாள். கொஞ்சமாகச் சாய்த்தாள். வண்டி திரும்பியது. அவளும் அதோடு திரும்பினாள்.

நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள். வீட்டுக்கு முன்னால் கூரை போட்ட இடத்தை ஒழித்து, பெருக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். மூலையில் மடிப்புக் கலையாத ஒரு புது வண்டி உறை இருந்தது. அவள் அதைப் பார்த்ததை நாத்தனாரும் பார்த்தாள்.

"வந்துட்டியா."

"வந்துட்டேன் அண்ணி."

தெருமுனையில் நட்டு ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, இல்லாத வேலைக்குத் திரும்பிப் போனான்.

நாத்தனார் வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். அந்தப் பக்கம் போய் மறுபடி குனிந்தாள். "என்னடி இது, ஒண்ணு மேல ஒண்ணு கீழ?"

"என் காலுக்கு அப்படித்தான் வேணும்."

"அவனுக்கு எது?"

"அவனுக்கு இன்னும் சரியா அளக்கல அண்ணி."

நாத்தனார் நிமிர்ந்தாள். பெருக்கி வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைத்துக்கொள்ளவும் இல்லை. "சொன்ன சொல்லுன்னா சொல்லுதான். உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். வீட்டுக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. போய் அழுகிறாள் என்று நினைத்து அவள் வண்டியைவிட்டு இறங்கப்போன நேரத்தில், நாத்தனார் செருப்பை மாற்றி ஷூ போட்டுக்கொண்டு, வீட்டுக்காரருடைய பெரிய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வந்தது வந்த, என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போ. அவன் கூப்பிட்டப்பல்லாம் பயமா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"இப்ப பயமா இல்லையா?"

"இருக்கு. நீ மெதுவாத்தான போவ."

ஃபுட்ரெஸ்ட் மாற்றுகிறோம் என்றால், ஓட்டுகிறவருடையதுதான் மாறும். பின்னால் உட்காருகிறவருடையவை வேறொரு தாங்கியில் இருப்பவை. அவற்றை யாரும் கழற்றவில்லை, அளக்கவுமில்லை. வண்டி கடையிலிருந்து வந்த அன்றைக்கு எந்த இடத்தில் இருந்தனவோ அதே இடத்தில், மடங்கியபடி இருந்தன. நாத்தனார் குதிகாலால் தட்டினாள். இரண்டும் திறந்துகொண்டன.